குழாய்க்கு முன் தாங்கி: மலைவீட்டு வாசலுக்கு ஏற்ற சிறு தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தொலைநோக்கி வாங்க வருபவர் கடையில் முதலில் கேட்பது, "இதில் எவ்வளவு தூரம் தெரியும்?" என்பதுதான். மார்கழியின் நிலவில்லா முன்னிரவில், ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஆந்திரமேடா விண்மீன் திரளை நம் மலைகளிலிருந்து வெறுங்கண்ணாலேயே மங்கலான புகைத்திட்டாகக் காணலாம் என்பதால், அந்தக் கேள்வியில் பொருளில்லை. அடுத்த கேள்வி, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பது. இதற்கான விடை பெட்டியின் மேலேயே 525 என்றோ 675 என்றோ கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் எவ்வளவு பெரிதோ, அந்தக் கருவி அவ்வளவு மோசமானது என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: குழாயை எது தாங்கி நிற்கிறது, கைபட்டால் அது எத்தனை வினாடி ஆடிவிட்டு நிற்கும்?

இதை நானும் பணத்தைத் தொலைத்த பிறகே கற்றுக்கொண்டேன். கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்பதற்காக, சமவெளியில் ஒரு கடையில் 114 மி.மீ. கண்ணாடி கொண்ட குட்டைக் குழாய் ஒன்றை வாங்கினேன். பளபளப்பான எதிர்ப்பளுவும் பல திருகுகளும் கொண்ட ஈக்குவடோரியல் தாங்கி அதனுடன் வந்தது; பார்க்க ஆய்வகக் கருவி போலவே இருந்தது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும் என்று கையேடு சொன்னது. எங்கள் வாசலுக்கு வடக்கே தேயிலைச் சரிவும், அதன்மேல் வரிசையாக சில்வர் ஓக் மரங்களும் நிற்பதால் துருவ நட்சத்திரம் ஒருநாளும் தெரிந்ததில்லை. திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்பினாலும், அச்சின் சாய்வை நம் ஊருக்கு வேண்டிய 11 பாகைக்குத் தாழ்த்த முடியாமல் திருகு 20-க்கு அருகிலேயே முட்டி நின்றது. வலிந்து தாழ்த்தியபோது எதிர்ப்பளுத் தண்டு முக்காலியின் காலில் இடித்தது. இவற்றையெல்லாம் கடந்து சனியைப் பிடித்தால், குவியத் திருகைத் தொட்டவுடன் கோள் வெட்டுக்கிளியைப் போலத் துள்ளியது. மூன்று மாதத்தில் கருவி பரணுக்குப் போனது. கண்ணாடியில் பெரிய குறையில்லை. தாங்கிதான் நம் மண்ணுக்குப் பொருந்தாதது.

ஆகவே இந்த வழிகாட்டியைத் தாங்கியிலிருந்து தொடங்குகிறேன். கடைகளில் அதை மவுண்ட் என்று கேட்டால்தான் புரியும்.

முத்தோரைச் சரிவு கற்பிப்பது

ஈக்குவடோரியல் தாங்கி என்றால் என்னவென்று புரிந்துகொள்ள நீலகிரிக்காரர் எங்கும் போக வேண்டியதில்லை. உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-இல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு, ஒரு மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அந்தச் சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருப்பதும், அவ்விடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகையாக இருப்பதும்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஓர் அச்சில் மெதுவாகச் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். மலையே அங்கு தாங்கியாகிவிட்டது.

சிறு தொலைநோக்கியின் ஈக்குவடோரியல் தாங்கியும் இதையேதான் செய்கிறது. அதன் ஓர் அச்சை பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால், வானம் மணிக்கு 15 பாகை நகர்வதை ஒரே திருகால், அல்லது ஒரு சிறு மோட்டாரால் ஈடுசெய்யலாம். நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்துப் படமெடுப்பவர்களுக்கு இது இன்றியமையாதது. ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இவ்வகைத் தாங்கிகள் 35 முதல் 50 பாகை வரையிலான அட்சரேகைகளில் வாழ்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே அச்சு நன்றாக நிமிர்ந்து நிற்கும்; எடை முக்காலியின் நடுவில் இறங்கும். கொடைக்கானலின் 10 பாகையிலும் உதகையின் 11 பாகையிலும் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. எடை முழுவதும் வடபுறம் சாய்ந்து, எதிர்ப்பளு வடக்குக் காலோடு மோதுகிறது. படமெடுக்கும் ஆசையால் இதைத்தான் வாங்குவேன் என்பவர், கருவியின் விவரப் பட்டியலில் அட்சரேகை வரம்பின் கீழ் எல்லை 10-க்குக் குறைவாக இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்காலியை நிறுத்தும்போது வடக்குத் திசையில் ஒரு கால் வராமல், இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட வெளி வரும்படி திருப்பி வைக்க வேண்டும். வாசலில் ஒரு கான்கிரீட் தூண் எழுப்பி அதன்மேல் தாங்கியைப் பொருத்துவது இன்னும் நல்லது. துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால் மறைந்திருந்தால், கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் திசைகாட்டியும், கைபேசியில் உள்ள சாய்வுமானியும் போதும். தென்னிந்தியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

இவ்வளவு பாடும் படமெடுப்பவருக்கே தேவை. பார்ப்பதற்கு மட்டும் கருவி வேண்டுமென்பவர் மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியையே நாட வேண்டும். இதை ஆல்ட்-அசிமத் என்கிறார்கள். இதன் மிகச் சிறந்த வடிவம் டாப்சோனியன்.

சாமியார் செய்த பெட்டி

ஜான் டாப்சன் சீனாவில் 1915-இல் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944-இல் துறவியாகச் சேர்ந்தவர். காசில்லாத அந்தத் துறவி, கப்பல் சன்னல்களிலிருந்து கழிந்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயில் பொருத்தி, ப்ளைவுட் பெட்டியில் உட்காரவைத்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நிலவைக் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு அதுவே அவருடைய முழுநேர வேலையாயிற்று. அவருடைய பெட்டியில் பல்சக்கரம் இல்லை, திருகு இல்லை, எதிர்ப்பளு இல்லை. குழாயின் இருபுறமும் உள்ள வட்டக் காதுகள் இரண்டு சிறு டெஃப்லான் துண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கும். அடித்தளம் சன்மைக்கா ஒட்டிய பலகைமேல் அதே டெஃப்லானில் சுழலும். தள்ளினால் வழுக்கும், கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். கருவியின் எடை முழுவதும் தரையோடு இருப்பதால், காற்றடிக்கும் மலைமுகட்டிலும் அது அசைவதில்லை.

நம் மலைகளுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வானம் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஏழு மணிக்குத் தெளிவாக இருக்கும். ஏழரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவரும். எட்டேகாலுக்கு மறுபடி விலகும். மஞ்சு இல்லாத அந்தச் சிறு இடைவெளிக்குள் கருவியை வெளியே வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். அச்சை நேர்படுத்தி, மோட்டாரை இணைத்து, மூன்று நட்சத்திரங்களைக் காட்டிக் கணினிக்குப் பாடம் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சு திரும்பிவிடும். தானாக விண்பொருளைத் தேடிக் கொடுக்கும் கோ-டூ வகைக் கருவிகளை முதல் கருவியாக நான் பரிந்துரைக்காததற்கு விலையைவிட இதுவே காரணம். கைபேசியில் ஸ்டெல்லேரியம் போன்ற ஒரு வான்பட செயலியும், குழாயின்மேல் குறிபார்க்க உதவும் ஒரு சிவப்புப் புள்ளி ஃபைண்டரும் இருந்தால் தேடுவது பெரிய வித்தையல்ல.

கடைகளில் கிடைக்கும் டாப்சோனியன்களில் ஒரு குறை உண்டு. அடிப்பெட்டி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஆடி மழையின் ஈரத்தில் அதன் விளிம்புகள் ரொட்டி போல ஊதிவிடும். வாங்கிய வாரத்திலேயே வெட்டுவிளிம்புகள், திருகுத் துளைகள் அனைத்துக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுவது நல்லது. ஊதிப்போன பெட்டியை என்ன செய்வதென்று கலங்கவும் வேண்டாம். அளவெடுத்து மரைன் ப்ளைவுட்டில் புதிதாகச் செய்துதர உள்ளூர் ஆசாரியால் முடியும், அது பழையதைவிட உறுதியாகவும் இருக்கும்.

உச்சிக்கு வரும் கோள்கள்

லென்ஸ் தொலைநோக்கியை விரும்புபவர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். கோள்கள் சூரியனின் பாதையை ஒட்டியே நகர்வதால், நம் அட்சரேகையில் அவை தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது அடிவானிலிருந்து ஏறத்தாழ 55 பாகைக்குக் குறையாத உயரத்தில் இருக்கும். பல ஆண்டுகளில் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். ஐரோப்பியர் ஏங்கும் பேறு இது, ஏனென்றால் உயரே இருக்கும் கோளின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருவதால் உருவம் கலங்காமல் இருக்கும். ஆனால் நீண்ட லென்ஸ் குழாயை மலிவான கவட்டைத் தாங்கியில் வைத்து உச்சியை நோக்கித் திருப்பினால், குழாயின் பின்முனை முக்காலியின் காலில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் கண் வைக்கும் இடம் முழங்கால் உயரத்துக்கு இறங்கி, பார்ப்பவர் ஈரப் புல்லில் மண்டியிட வேண்டியிருக்கும். கடையில் கருவியைப் பார்க்கும்போதே குழாயை நேராகக் கூரையை நோக்கி நிமிர்த்திக் காட்டச் சொல்லுங்கள். நிமிராவிட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கண்ணாடித் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் குழாயின் மேல்முனையில் பக்கவாட்டில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

முக்காலிகளைப் பொறுத்தவரை, கவட்டைத் தாங்கியைவிட ஒற்றைக்கையில் குழாயைப் பக்கவாட்டில் பிடிக்கும் தாங்கி மேல். நீட்டிச் சுருக்கும் மெல்லிய அலுமினியக் காலைவிட ஒன்றரை அங்குல எஃகுக் குழாய்க் கால் மேல். கால்களை முழுதாக நீட்டாமல், நடுத்தட்டில் கல் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிட்டால் நடுமட்டக் கருவியும் ஓரளவு அடங்கும். சோதிக்கும் முறை எளிது: நடுத்தர உருப்பெருக்கத்தில் தொலைவிலுள்ள ஒரு கோபுர விளக்கையோ மரக்கிளையையோ பிடித்து, குழாயின் பக்கத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு வினாடிக்குள் உருவம் அமைதியானால் நல்ல தாங்கி. நான்கைந்து வினாடியானால் அது கோளைக் காட்டாது, பொறுமையைத்தான் சோதிக்கும்.

இனி குழாய்

தொலைநோக்கியின் வலிமை அதன் முகப்பு லென்ஸின் அல்லது ஆடியின் விட்டத்தில் இருக்கிறது. இருட்டில் விரிந்த நம் கண்ணின் பாவை அதிகமாகப் போனால் 7 மி.மீ. விட்டம், 70 மி.மீ. லென்ஸ் அதைப்போல 100 மடங்கு ஒளியையும், 130 மி.மீ. ஆடி ஏறத்தாழ 345 மடங்கையும், 200 மி.மீ. ஆடி 800 மடங்குக்கு மேலும் சேர்க்கிறது. நெருங்கிய இரட்டை நட்சத்திரங்களைப் பிரித்துக் காட்டும் கூர்மையும் விட்டத்தோடு வளர்கிறது. அதற்காகச் சிறியதை இகழ வேண்டாம்; கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனின் முகத்தை நாள்தோறும் படமெடுத்துவரும் வரிசை, 15 செ.மீ.க்கு மேற்படாத லென்ஸ்களால் ஆனது.

என் தேர்வுகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசல் உண்டு, காரில் ஏற்றிச் செல்லும் எண்ணம் அதிகமில்லை என்பவருக்கு 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தொலைவும் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) கொண்ட டாப்சோனியனே முதல் தேர்வு. அதன் நீண்ட குவியம் சாதாரண லென்ஸ்களோடும் தெளிவான உருவம் தரும். கண்ணாடிகளின் நேர் சற்றுப் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். 200 மி.மீ. இன்னும் காட்டும்தான், ஆனால் நம் வீடுகளில் பாதிக்கு மொட்டை மாடி கிடையாது, தகரமும் ஓடும்தான் கூரை. வாசலுக்குப் போகப் பத்துப் படிக்கட்டு இறங்க வேண்டும். இருபத்தைந்து கிலோவை இரண்டாகப் பிரித்து இரண்டு நடை தூக்கிச் செல்ல மனம் வராத இரவுகளே அதிகமாக இருக்கும்.

லைன் வீட்டிலோ வாடகை அறையிலோ இருப்பவருக்கு, 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியமும் கொண்ட மேசை டாப்சோனியன் போதும். ஆறேழு கிலோதான் இருக்கும். அதை வைக்க ஒரு கனத்த மர முக்காலியோ மதில்சுவரோ வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்தால் நல்ல தாங்கி கெட்ட தாங்கியாகிவிடும். இந்த அளவில் வாங்கும்போது ஆடி பரவளைய வடிவமானதா என்று கேளுங்கள். 114 அல்லது 127 மி.மீ. விட்டத்துக்கு 1000 மி.மீ. குவியம் என்று எழுதியிருந்தும் குழாய் அரை மீட்டரே இருந்தால், கோள வடிவ ஆடியின் குறையை மறைக்க குவியக் குழலுக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை நேர்படுத்துவதும் கடினம், உருவமும் குழைந்திருக்கும்.

லென்ஸும் ஆடியும் சேர்ந்த மக்சுடோவ் வகையைச் சிலர் கேட்பார்கள். 90 அல்லது 102 மி.மீ. விட்டத்தில், ஒரு செம்பு அளவில் அடங்கி, நிலவையும் கோள்களையும் அருமையாகக் காட்டும். மலைப்பாதையில் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். பார்வைப் புலம் குறுகியது என்பதால் கார்த்திகைக் கூட்டம் முழுவதும் அதில் அடங்காது. முகப்புக் கண்ணாடி வெளியே தெரிந்தபடி இருப்பதால் பனி முதலில் அதன்மேல்தான் படியும். லென்ஸ் வகையில் 80 அல்லது 90 மி.மீ. விட்டத்தில் நீண்ட குவியமுள்ளது நல்லது. 60, 70 மி.மீ. கருவிகளில் லென்ஸ் பழுதில்லை, கூட வரும் முக்காலிதான் பழுது. குழந்தைக்காக வாங்குகிறேன் என்பவருக்கு, அதே விலையில் 10×50 பைனாகுலரே என் பதில். ஈரம் புகாதபடி நைட்ரஜன் அடைத்தது கிடைத்தால் நம் காலநிலையில் அது பல்லாண்டு வாழும். திரையில் படம் காட்டும் ஸ்மார்ட் தொலைநோக்கிகள் வேறொரு பொழுதுபோக்கு. அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

கண்ணருகு லென்ஸ்

உருப்பெருக்கம் என்பது குழாயின் குவியத் தொலைவைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். 650-ஐ 25-ஆல் வகுத்தால் 26 மடங்கு. 10-ஆல் வகுத்தால் 65. அதோடு உருப்பெருக்கத்தை இரட்டிக்கும் பார்லோ என்ற துணை லென்ஸைச் சேர்த்தால் 130. பெட்டியின்மேல் உள்ள 525-உம் இப்படி வந்ததுதான்: 700 மி.மீ. குவியத்தை 4 மி.மீ. லென்ஸால் வகுத்து, மும்மடங்கு பார்லோவால் பெருக்கியிருப்பார்கள். ஆனால் ஒளி தாங்கும் எல்லை, விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதால், 70 மி.மீ. லென்ஸுக்கு 140-க்கு மேல் எதுவும் மங்கிய கூழ்தான். கலிலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சனியின் வளையம் 30 மடங்கிலேயே தெரியத் தொடங்கும். 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிய அவ்வளையங்கள் அதன் பிறகு மெல்ல விரிந்துவருகின்றன.

மோட்டார் இல்லாத தாங்கியில் அதிக மடங்கு இன்னொரு விலையைக் கேட்கும். 100 மடங்கில் சாதாரண லென்ஸின் பார்வைப் புலம் அரைப்பாகை, அதாவது ஒரு முழுநிலவின் அகலம். விண்பொருள் அதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 200 மடங்கில் ஒரே நிமிடம். அடுத்தடுத்துப் பலர் பார்க்கக் காத்திருக்கும்போது இது பெரிய வேறுபாடு. ஆகவே 25 மி.மீ., 10 மி.மீ. அளவுகளில் நல்ல ப்ளாஸல் வகை லென்ஸ் இரண்டும், ஒரு பார்லோவும் போதும். குவியக் குழல் ஒன்றேகால் அங்குல அளவா என்று பாருங்கள். அதைவிடச் சிறிய பழைய அளவுக்கு இப்போது நல்ல லென்ஸ் கிடைப்பது அரிது.

கருவியோடு கண்ணருகு லென்ஸில் திருகிப் பொருத்தும் சூரிய வடிகட்டி வந்தால் உடனே குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் பார்வை போகும். சூரியனைப் பார்க்க வேண்டுமானால், குழாயின் முகப்பு முழுவதையும் மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது. ஃபைண்டரையும் கழற்றிவிட வேண்டும்.

முதல் இரவு

நீலகிரியில் டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். உதகையின் உயரமான 2,240 மீட்டரில் காற்றில் ஏறத்தாழக் கால் பங்கு நமக்குக் கீழே தங்கிவிடுவதால், மழை கழுவிய இரவில் நட்சத்திரங்கள் கூர்மையாக இருக்கும். கருவியைக் கணப்பு எரியும் அறையிலிருந்து நேரே கொண்டுவந்து பார்த்தால், குழாய்க்குள் சூடான காற்று நெளிந்து உருவம் கொதிக்கும். அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடித் தொலைநோக்கி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்திருந்தால் ஆடிகளின் நேர் பிசகியிருக்கும். கண்ணருகு லென்ஸின் தூசிமூடி ஒன்றின் நடுவில் ஒரு சிறு துளையிட்டு, அதன் வழியே பார்த்து, பின்புறத் திருகுகளால் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று அமையும்படி திருத்திக்கொள்ளலாம். பார்க்கப் பயமாக இருக்கும். மூன்றாம் முறை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கருவியைச் சோதிக்க அருந்ததியைவிட ஏற்ற இடமில்லை. கல்யாணத்தில் அம்மி மிதித்தபின் காட்டும் அதே அருந்ததி, வசிட்டருக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணுக்கே தனியாகத் தெரியும். தொலைநோக்கியை 60 மடங்கில் திருப்பினால், வசிட்டரே இரண்டு நட்சத்திரங்களாகப் பிரிவார். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 14 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). தரமான எந்தச் சிறு கருவியும் இதைச் சுத்தமான இரு புள்ளிகளாகக் காட்ட வேண்டும். புள்ளிகளுக்கு வால் முளைத்தால் நேர்படுத்தல் சரியில்லை. திருத்திய பின்னும் வால் போகவில்லை என்றால் கடைக்காரரிடம் பேச வேண்டியதுதான்.

நம் அட்சரேகையின் பெரும்பேறு தெற்கில் இருக்கிறது. லண்டனில் அடிவானத்துக்கு மேல் எழவே எழாத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, கோத்தகிரியில் 31 பாகை உயரத்துக்கு ஏறும். சித்திரை மாதத்தில் நள்ளிரவை ஒட்டி 130 மி.மீ. கருவியில் அது அரிசிமாவைக் கொட்டியது போலத் தெரியும். அகத்தியர் நட்சத்திரமும் திரிசங்குவும் அதைவிடத் தாழ்வாக இருக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் தெற்கே கோயம்புத்தூரின் வெளிச்சம் வானை வெளுக்கச் செய்கிறது. மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெற்கு இருட்டாக இருக்கும். இருட்டைத் தேடிக் காப்புக்காட்டுக்குள் இரவில் போக வேண்டாம். வனத்துறை அனுமதி ஒருபுறம் இருக்க, தேயிலைக்குள் காட்டெருமை படுத்திருப்பதும் கரடி வருவதும் நமக்குத் தெரிந்தவைதான். கண்ணை இருட்டுக்குப் பழக்க சிவப்பு டார்ச்சும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய வெள்ளை டார்ச்சும், சுற்றிலும் எழுந்து பார்த்துக்கொள்ளும் வழக்கமும் வேண்டும்.

ஈரமும் பூஞ்சையும்

மலையில் தொலைநோக்கியைக் கொல்வது பூஞ்சை. சமவெளிக்காரர் எழுதிய எந்தக் கையேட்டிலும் இதற்கு ஒரு வரிக்கு மேல் இருக்காது. பனிக்கு முதல் தடுப்பு, குழாயின் முகப்பில் நீட்டிச் சுற்றும் ஒரு கறுப்பு ஃபோம் உறை; யோகா விரிப்பை வெட்டியே செய்யலாம், நீளம் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு. டாப்சோனியனின் முதன்மை ஆடி குழாயின் அடியில் ஒளிந்திருப்பதால் பெரும்பாலும் தப்பும். முகப்பருகே உள்ள சிறு ஆடிதான் நனையும். படிந்த பனியைத் துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது, ஈரத்தோடு ஒட்டிய தூசி பூச்சைக் கீறிவிடும்.

பார்த்து முடித்ததும் வெளியிலேயே மூடிகளைப் போட்டுவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் நேரே படியாமல் இருக்கும். குழாய் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு மூடிகளைத் திறந்து, முகப்பைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து இரவு முழுவதும் காயவிடுங்கள். கண்ணருகு லென்ஸ்களை சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்து, நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மீண்டும் போடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குழாய்க்கு இடம், அடியில் ஒரு பழைய மஞ்சள் குண்டு பல்பு எரியும் மர அலமாரி. பட்டுப்புடவைக்கும் கேமராவுக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான். பல்புக்கும் குழாய்க்கும் இடையே ஒரு தட்டு இருக்கட்டும். மறுநாள் காலை டார்ச்சைச் சாய்வாக அடித்து ஆடியைப் பாருங்கள். மங்கல் எங்கும் இல்லை என்றால் மட்டும் மூடியைப் போடலாம்.